கல்லாவில் அடுத்து யார்?

நெல்லைப் பக்கம் கடை வைத்திருந்தவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடையைத் திறந்துவிடுவார்கள். மூத்த மகன் கல்லாவில் உட்காருவார். அப்பாவின் படம் மாலையோடு சுவரில் ஏறும். ஊரைப் பொறுத்தவரை கடை கைமாறியாகிவிட்டது. சட்டப்படி ஒன்றும் கைமாறவில்லை. படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றில் இருப்பது இறந்தவரின் பெயர். உணவு உரிமம், மின் இணைப்பு, வாடகைச் சீட்டு, வங்கியின் நடப்புக் கணக்கு எல்லாம் இன்னும் அவர் பெயரில்தான்.

வீட்டார் கண்ணுக்கு அது ஒரே கடை. சட்டமோ அதைப் பத்துத் துண்டாகப் பார்க்கிறது. கட்டடம் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகும். வாடகை உரிமை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஜி.எஸ்.டி. எண் இறந்தவரோடு போய்விடும். வரவேண்டிய பாக்கி ஒரு வழியில் போகும், கொடுக்கவேண்டிய கடன் வேறு வழியில் வரும். யார் வாரிசு என்பதற்கோ ஊரில் ஒரே விடை கிடையாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கடை, பின்னால் உளுந்து மாவு பிசையும் கூடம், மாடியில் காயப்போடும் இடம். நடத்தியவர் தன் உழைப்பில் வாங்கிய கட்டடம்தான், பூர்வீகம் இல்லை. உயில் எழுதாமல் காலமாகிறார். வயதான தாய், மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள் இருக்கிறார்கள். கணக்குக்காகச் சொத்தின் மதிப்பு 36 லட்சம்.

இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஐந்து பேரையும் முதல் வகுப்பு வாரிசுகளாக ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தலைக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். மூத்த மகனுக்கென்று ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. மகளுக்கு ஒரு ரூபாய் குறைவும் இல்லை.

இதே குடும்பம் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 லட்சம். மீதி 24 லட்சம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 8 லட்சம். இறந்தவரின் தாய்க்கு, பிள்ளைகள் இருக்கும்போது, எதுவும் இல்லை. மகனை நம்பியே இருந்த தாய்க்கு இது கொடுமையான கணக்கு. அதனால் கிறிஸ்தவக் குடும்பங்களில் உயிலின் தேவை இன்னும் அதிகம்.

மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்றால் கணக்கு ஷரீஅத் வழி. அடக்கச் செலவு, கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி எல்லாம் கழித்த பிறகு மனைவிக்கு எட்டில் ஒன்று, நாலரை லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 6 லட்சம். மிச்சமுள்ள இருபத்தைந்தரை லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக ஒவ்வொரு மகனுக்கும் 10 லட்சத்து 20 ஆயிரம், மகளுக்கு 5 லட்சத்து 10 ஆயிரம்.

ஒரே தாமிரபரணித் தண்ணீர், ஒரே கடைவீதி, மூன்று கணக்கு. அடுத்த வீட்டில் பாகம் பிரித்ததைப் பார்த்து நம் வீட்டுக்கு வழக்குப் பேசுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. பாதிச் சண்டை அதில்தான் முளைக்கிறது.

மேற்கே செங்கோட்டைக்குப் போனால் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை வைத்துக்கொண்டு இன்றும் கணக்குப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இந்துக் குடும்பங்களில் யாரும் எதிர்பார்க்காத முடிச்சு ஒன்று உண்டு. அது தாயின் பங்கு. "ஆச்சிக்கு எதற்குப் பங்கு? அவள் எங்களோடுதானே இருக்கிறாள்" என்று பேரன்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஆச்சியின் பெயரில் சட்டப்படி விழுந்துவிட்டது; அவர் கையெழுத்துப் போடாததால் அது இல்லாமல் போகாது. சில ஆண்டுகள் கழித்து ஆச்சியும் காலமானால், அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். யார் அந்தப் பிள்ளைகள்? இறந்த கடைக்காரரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. இறந்துபோன கடைக்காரருக்குரிய கிளைப் பங்கு மட்டும் அவருடைய பிள்ளைகளுக்கு வரும். சித்தப்பாவும் அத்தையும் அப்பா தனியாக உழைத்து வாங்கிய கடையில் பங்குதாரர்களாக வந்து நிற்பது இப்படித்தான். ஏமாற்று எதுவும் இல்லை. சட்டம் தன் வழியே நடந்திருக்கிறது, அவ்வளவுதான். வங்கியில் அடமானக் கடன் கேட்டுப் போகிற அன்று, வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் புரட்டி, "பாட்டியம்மாள் எங்கே?" என்று கேட்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

அந்த வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்து, சான்று வாங்கி, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள், வட்டாட்சியர் வழங்குவார். பெயர், உறவு, வயது, திருமண நிலை என்று கட்டம் கட்டிய ஒரு தாள். யார் யார் வாரிசு என்று அது சொல்லுமே தவிர, சொத்தில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதை வைத்து யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ்கள் கோட்டாட்சியர் முன் மேல்முறையீட்டுக்கும் பின்பு நீதிமன்றத்துக்கும் போவது வாடிக்கை. பட்டாவும் இப்படித்தான். பட்டா மாறிவிட்டதால் சொத்து மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுரிமையும்.

மகளுக்கு வருவோம். "நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு இனி என்ன?" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு. இதில் புதிதாக எந்தச் சட்டமும் வரவில்லை. புதிய சட்டங்கள் வந்தது பூர்வீகச் சொத்துக்கு. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது. அதற்கு முன் திருமணமானவர்கள் வெளியே நின்றார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை பதினாறு ஆண்டு நீடித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் வந்து அந்த வேற்றுமையை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் பல ஆண்டு மாறி மாறிப் பேசின. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. "அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பு எளிதில் ஏற்கவில்லை.

பூர்வீகம் எது, சொந்தச் சம்பாத்தியம் எது என்பதில் மகன்களே குழம்புகிறார்கள். தாத்தா தானாகச் சம்பாதித்து வாங்கிய கடை 1956க்குப் பிறகு அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. "தாத்தா கடை, அதனால் எனக்குப் பிறப்புரிமை உண்டு, அப்பா விற்க முடியாது" என்று பேரன் போடும் வழக்குகள் பல இங்கேதான் கவிழ்கின்றன.

மகள் மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுக்க நினைத்தால் அதற்கும் பத்திரம் வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினாலும், இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினாலும், அசையாச் சொத்துக்கு அது செல்லாது. விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் விடுதலை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் ஆகியவற்றுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரமாகவும், கட்டணத்தின் உச்சவரம்பு 4 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரமாகவும் உயர்ந்தன. வெளியாருக்கு விற்கும் செலவோடு ஒப்பிட்டால் இது கொஞ்சமே. இந்தச் செலவுக்கு யோசித்துவிட்டுப் பத்து ஆண்டு பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிற குடும்பங்களைப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

கட்டடத்தை விட்டுக் கடைக்குள் வந்தால், மிக அவசரமானது ஜி.எஸ்.டி. தனியுரிமையாளர் இறந்தால் அவருடைய எண்ணில் பில் போடக் கூடாது. தொழிலைத் தொடர்கிற வாரிசு தன் நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) புதிய பதிவு வாங்க வேண்டும்; வாரிசுரிமை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை, புதிய கணக்குக்கு மாற்ற ஐ.டி.சி.-02 என்ற படிவம் இருக்கிறது. 2019 மார்ச்சில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கையில் இந்த வழிமுறையை விளக்கியிருக்கிறது. பழைய வரிப் பாக்கியும் கூடவே வரும். தொழிலைத் தொடர்ந்தால் வாரிசு முழுப் பொறுப்பு; கடையை மூடிவிட்டால் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு. தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்வதற்கு முன் கணக்காளரிடம் பழைய பாக்கி எவ்வளவு என்று கேட்பது நல்லது. நம் ஊரில் இதை முடிவு செய்வது பெரும்பாலும் தாய்மாமன்தான்.

அப்பளம், அல்வா, பட்சணம், இட்லி மாவு என்று உணவுத் தொழில் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கும். உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் 90 நாள் வரை அது வாரிசுகளின் பயனுக்காக உயிரோடு இருக்கும். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சட்டம் துக்க வீட்டுக்குக் காட்டுகிற அபூர்வமான இரக்கம் இது.

வாடகைக் கடைகளின் பாடு வேறு. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அப்பாவோடு சேர்ந்து கடை நடத்திவந்த மனைவியோ பிள்ளையோ அப்பா இறந்ததும் தானே வாடகைதாரர் ஆகிவிடுவார். அந்த நம்பிக்கையில் நெல்லை டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் எழுத்தே இல்லாமல் இரண்டு தலைமுறை கடை நடத்தியவர்கள் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தத் தரையை உருவிவிட்டது. இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். வாடகைதாரர் இறந்தால் ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்துக்கு மட்டும் வாரிசு அதே நிபந்தனைகளோடு தொடரலாம். ஒப்பந்தமே எழுதவில்லை என்றால் அதையே காரணமாகக் காட்டிக் கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் விட்ட கடைக்காரரின் மகன், அப்பா இறந்த மாதமே நடுத்தெருவில் நிற்கக்கூடும். கோயில் கடை, மாநகராட்சிக் கடை என்றால் அதற்குத் தனி விதிகள். பெயர் மாற்றம் அந்தந்த நிர்வாகத்தின் வழியேதான்.

வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வங்கி யார் கையில் கொடுக்கலாம் என்பதற்கான ஏற்பாடுதான் நாமினி. அவர் வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நிறுவனப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடியும் சொன்னது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். நாமினியே இல்லாத கணக்கென்றால், ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் வழிகாட்டுதல்படி 15 லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரையிலும், நீதிமன்றச் சான்று கேட்காமல் எளிய முறையில் தர வேண்டும். ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளை நம்பியிருக்கும் நம் கிராமங்களுக்கு இந்த ஐந்து லட்சம் வரம்பு கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

இனி கடன். கடைக் குடும்பங்களை மிகவும் கலங்கடிப்பது இது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் போகும்போது, "அப்பா என்னிடம் வாங்கினது உங்களுக்குத் தெரியுமல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் புரோநோட்டோடு வருவார். தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலையும் அவர் பையில் இருக்கும். கந்துவட்டி வேரோடியிருக்கிற மாவட்டம் இது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்கு இரையானதும் கந்துவட்டிப் புகாரின் தொடர்ச்சிதான்.

அந்த நேரத்தில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அப்பாவின் கடனுக்கு, அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு. மகனின் சம்பளத்தையோ மருமகளின் நகையையோ அதற்காகக் கேட்க முடியாது. அப்பா கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை, 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு நீதிமன்றம் ஏற்காது. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு. காசோலை திரும்பினால் வரும் 138ஆவது பிரிவுக் குற்ற வழக்கு கையெழுத்துப் போட்டவர்மீது மட்டும். அவர் இறந்தபின் வாரிசுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் மகன் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது கடன் அவருடைய சொந்தக் கடன். துக்க வீட்டில் அவசரப்பட்டுப் புதிய புரோநோட்டு எழுதிக் கொடுப்பதும் அதே விளைவைத்தான் தரும். இது பலரும் விழுகிற குழி: தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணி, இறந்தவரின் கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

வட்டி அநியாயமாக இருந்தால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊரில் புழங்கும் பெயர்களையே அந்தச் சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் நியாயமான தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுக் கணக்கை முடிக்கக் கேட்கவும் அதில் வழி உண்டு. இந்த இரண்டாவது வழியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. செயலிகள் வழியாகக் கடன் கொடுப்பவர்களும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள்.

வரவேண்டிய பாக்கிக்கும் சட்டம் இருக்கிறது, குறைவாகவே தெரியும். அப்பளக் கடை உற்பத்தி நிறுவனம். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், சரக்கு வாங்கிய வியாபாரி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரித் துறையும் சேர்ந்துகொண்டது: குறித்த கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. வாரிசு தன் பெயரில் புதிய உத்யம் பதிவு வாங்கிய பிறகு சரக்கு அனுப்புவது நல்லது. பின்னால் வாங்கும் பதிவு முன்னால் அனுப்பிய சரக்குக்குப் பொருந்துமா என்பது நீதிமன்றத்தில் இன்னும் இழுபறி. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் உரிமை இல்லை. பத்தமடையில் பாய் நெய்பவருக்கு உண்டு. அவரிடம் வாங்கி மும்பைக்கு அனுப்புகிறவருக்குக் கிடையாது.

இவ்வளவு தொல்லையும் ஆள் இருக்கும்போதே தவிர்க்கலாம். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். நாளை நீதிமன்றத்தில் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். நெல்லையில் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, கட்டாயமில்லை. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அந்த உயில் தானாக ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசு ஒருவருக்கே எழுதுவதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தந்தைக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன்கள் உயிரோடு இருந்தால், அங்கே வாரிசுப் பங்கு இல்லை. தாத்தா அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மூன்றில் ஒன்றை எழுதிவைக்கலாம். அல்லது இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது இஸ்லாமிய முறைப்படி தானமாக, கொடுத்துவிடலாம்.

தானசெட்டில்மென்ட் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கையெழுத்துப் போட்ட அன்றே சொத்து மகனுடையதாகிவிடும். பிறகு மனம் மாறினால் லேசில் திரும்பாது. 60 வயது தாண்டியவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் கோட்டாட்சியர் வழியே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்யலாம். 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரி 2 தீர்ப்பில் மூத்தவர்களின் நலனை முன்வைத்துத் தாராளமாகப் பொருள் கொண்டது. எப்படியும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. "பெற்ற மகனுக்கு நிபந்தனையா?" என்று பத்திர எழுத்தரே கேட்பார், கேட்கட்டும்.

கடைக்கு மட்டும் என்றால் கூட்டு வணிகம் நல்ல வழி. ஆனால் அப்பாவும் ஒரு மகனும் மட்டும் கூட்டாளிகள் என்றால் ஒருவர் இறந்ததும் கூட்டு தானாகக் கலைந்துவிடும். ஒற்றை ஆள் கூட்டாளியாக இருக்க முடியாது. மூன்றாவதாக மனைவியையோ மகளையோ சேர்த்து, ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதிப் பதிந்துவிட்டால், ஜி.எஸ்.டி. எண்ணும் உரிமங்களும் நிறுவனத்தின் பெயரில் அப்படியே நிற்கும். பதியாத கூட்டு நிறுவனம் பாக்கி வசூலுக்கு வழக்குப் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பி பேச்சளவில் நடத்தும் கடைகள் எல்லாம் இதில் மாட்டும்.

கடைசியாகக் கையெழுத்துகளின் பிரச்சினை. ஒரு மகன் துபாயில், ஒரு மகள் மும்பையில், ஆச்சி கட்டிலில். துபாயில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். நடமாட முடியாத ஆச்சிக்காகச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கப் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. தனிக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. கணவனை இழந்த மதினியும், கட்டிக்கொடுத்த நாத்தனாரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதானாலும் இருவருமே விண்ணப்பிக்கலாம்.